டாக்ஸிக்குச் சில்லறை இல்லாத லட்சாதிபதி: 1944-ல் இந்தியா கேட்ட பாக்கி

வருடத்துக்கு எத்தனையோ மாநாடுகள் நடக்கின்றன. ஜி-20 என்கிறார்கள், டாவோஸ் என்கிறார்கள். கோட் சூட் போட்ட அமைச்சர்களும் தொழிலதிபர்களும் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொள்வார்கள். "உலகப் பொருளாதாரத்தின் நிலை குறித்து விவாதித்தனர்" என்று செய்தி வரும். நாம் ஸ்போர்ட்ஸ் பக்கத்துக்குத் தாவிவிடுவோம்.

இந்தக் கூட்டங்களுக்கெல்லாம் தாத்தா என்று சொல்லத்தக்க ஒரு கூட்டம் 1944 ஜூலையில் அமெரிக்காவில் நடந்தது. பிரெட்டன் வுட்ஸ் மாநாடு. "ஐ.எம்.எஃப்.பும் உலக வங்கியும் பிறந்த இடம்" என்று நம் பி.காம். புத்தகங்கள் அதை ஒரே வரியில் முடித்துவிடும். அந்த ஒரு வரிக்குள் இந்தியா சம்பந்தப்பட்ட ஒரு சண்டை ஒளிந்திருக்கிறது. அதில் ஒரு கோயம்புத்தூர்க்காரரும் இருக்கிறார். அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

மலையடிவாரத்து ஹோட்டல்

1944 ஜூலை 1. நேச நாட்டுப் படைகள் பிரான்ஸின் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. யுத்தம் முடியவில்லை, ஆனால் யார் ஜெயிப்பார்கள் என்பது கிட்டத்தட்டத் தெரிந்துவிட்டது. யுத்தத்துக்குப் பிறகு உலகத்தின் பணம் எப்படி நடக்க வேண்டும் என்று முடிவு செய்ய 44 நாடுகளிலிருந்து சுமார் 730 பேர் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தின் மவுண்ட் வாஷிங்டன் ஹோட்டலில் கூடினார்கள். அமெரிக்க நிதியமைச்சர் ஹென்றி மார்கந்தோ தலைமை வகித்தார். மூன்று வாரம் பேசினார்கள்.

மாநாட்டின் இரண்டு பெரிய தலைகள் பிரிட்டனின் ஜான் மேனார்ட் கெயின்ஸும் அமெரிக்காவின் ஹாரி டெக்ஸ்டர் ஒயிட்டும். இருவரும் ஒரு வருடம் முன்பே, 1943 ஏப்ரலில், ஆளுக்கொரு திட்டம் வெளியிட்டிருந்தார்கள்.

கெயின்ஸ் திட்டம் இப்படி: எல்லா நாடுகளுக்கும் சேர்த்து ஒரே ஒரு கணக்குத் தீர்க்கும் நிலையம். அதற்குத் தனி நாணயம், பெயர் 'பாங்கோர்'. இறக்குமதி அதிகமாகிக் கடனில் விழும் நாடு மட்டுமல்ல, ஏற்றுமதி செய்து செய்து பணத்தைக் குவித்து வைக்கும் நாடும் அபராதம் மாதிரி ஒரு கட்டணம் கட்ட வேண்டும். அதாவது கணக்கு சரியில்லை என்றால் கடனாளியை மட்டும் திட்டாதே, கடன் கொடுத்தவனுக்கும் பொறுப்பு உண்டு என்பது அவர் வாதம்.

அமெரிக்கா ஒத்துக்கொள்ளவில்லை. ஏன் என்று யோசிக்கவே வேண்டாம். அன்றைக்கு உலகத்தில் தங்கத்தைக் குவித்து வைத்திருந்த நாடு அதுதான்! ஒயிட்டின் திட்டப்படி ஒவ்வொரு நாடும் பங்குப் பணம் போட்டு ஒரு நிதி உண்டாக்கும், அதிலிருந்து ஒரு அளவுக்குள் எடுத்துக்கொள்ளலாம். மொத்தம் 880 கோடி டாலர். அதுவே ஐ.எம்.எஃப். ஆனது. டாலருக்குத் தங்கம் ஆதாரம், ஒரு அவுன்ஸுக்கு 35 டாலர். மற்ற நாணயங்கள் அந்த டாலரோடு கட்டப்பட்டன.

ஆக, கடனாளியாகிப்போன பிரிட்டனின் சார்பில் பேசிய உலகப் புகழ்பெற்ற பொருளாதார மேதை தோற்றார், பணம் வைத்திருந்த நாடு ஜெயித்தது. புத்தகங்களில் கதை இத்தோடு முடிந்துவிடும். ஆனால் அதே ஹோட்டலில் வேறொரு அறையில் இந்தக் கதை தலைகீழாக நடந்துகொண்டிருந்தது.

பிரிட்டன் இந்தியாவுக்குக் கடன்காரன் ஆன கதை

யுத்தத்துக்கு முன் பிரிட்டனுக்கு இந்தியா கடன்பட்டிருந்தது. யுத்தம் அதைப் புரட்டிப் போட்டது.

இந்தியாவில் பிரிட்டனுக்காக வாங்கிய துணி, பூட்ஸ், சணல் மூட்டை, தானியம், வெளிநாட்டில் சண்டை போட்ட இந்தியப் படைகளின் செலவு, இவற்றில் பெரும்பங்கை பிரிட்டன் தருவதாக ஒப்பந்தம் இருந்தது. தந்தது எப்படி? லண்டனில் ரிசர்வ் வங்கியின் பெயரில் பவுண்டாக வரவு எழுதினார்கள், அவ்வளவுதான். அந்த வரவைக் காட்டி ரிசர்வ் வங்கி இங்கே ரூபாய் நோட்டு அடித்தது. அந்த நோட்டைக் கொடுத்து இங்கே சரக்கு வாங்கினார்கள். சரக்கு கப்பல் ஏறியது, நோட்டு இங்கேயே தங்கியது. 1939-ல் சுமார் 180 கோடி ரூபாயாக இருந்த நோட்டுப் புழக்கம் யுத்தம் முடியும்போது 1,200 கோடியை ஒட்டி வந்துவிட்டது. பொருள் குறைவு, பணம் அதிகம். விலை எங்கே போயிருக்கும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. 1943-ல் வங்காளப் பஞ்சத்தில் 20 லட்சத்திலிருந்து 30 லட்சம் பேர் வரை செத்தார்கள். அதற்குப் பல காரணங்கள் உண்டு, கூலிக்காரனால் எட்ட முடியாத அரிசி விலை அதில் முக்கியமான ஒன்று.

லண்டனில் ஏறிக்கொண்டிருந்த இந்தத் தொகைக்கு 'ஸ்டெர்லிங் பாக்கி' என்று பெயர். உச்சத்தில், 1946-ல், அது சுமார் 1,733 கோடி ரூபாய், அதாவது 130 கோடி பவுண்ட். இதை அரசாங்கத்தின் சேமிப்பு என்று சொல்வது சரியாக இருக்காது. ஒரு வேளை சாப்பாட்டைக் குறைத்துக்கொண்ட கோடிக்கணக்கான மக்களின் கட்டாயச் சேமிப்பு அது.

ஷ்ராஃபும் சண்முகம் செட்டியாரும்

பிரெட்டன் வுட்ஸுக்குப் போன இந்தியக் குழுவின் தலைவர் ஒரு ஆங்கிலேயர், வைஸ்ராய் கவுன்சிலின் நிதி உறுப்பினர் ஜெரமி ரெய்ஸ்மன். பொருளாதார ஆலோசகர் தியோடர் கிரெகரியும் ஆங்கிலேயர்தான். ரிசர்வ் வங்கியின் முதல் இந்திய கவர்னர் சி.டி.தேஷ்முக் இருந்தார். அதிகாரிகள் அல்லாத இரண்டு பேரும் போனார்கள். ஒருவர் பம்பாய்த் தொழிலுலகைச் சேர்ந்த ஏ.டி.ஷ்ராஃப், டாடா நிறுவனத்துக்காரர். இன்னொருவர் நம் கோயம்புத்தூர் ஆர்.கே.சண்முகம் செட்டியார். மத்திய சட்டசபைக்குத் தலைவராகவும் கொச்சி சமஸ்தானத்துக்குத் திவானாகவும் இருந்தவர்.

ஷ்ராஃப் சும்மா போகவில்லை. 1944 ஜனவரியில் டாடா, பிர்லா உள்ளிட்ட எட்டுப் பேர் வெளியிட்ட 'பம்பாய்த் திட்ட'த்தில் கையெழுத்துப் போட்டவர் அவர். 15 வருடத்தில் 10,000 கோடி ரூபாய் செலவழித்து நாட்டை மாற்றும் திட்டம் அது. அதில் 1,000 கோடி இந்த ஸ்டெர்லிங் பாக்கியிலிருந்து வர வேண்டும் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். இயந்திரங்களை அமெரிக்காவிலிருந்துதான் வாங்க முடியும், அதற்கு டாலர் வேண்டும், கையில் இருப்பதோ லண்டனில் முடங்கிய பவுண்ட்!

இந்தியக் குழு கேட்டது பெரிய விஷயமில்லை. யுத்தகாலப் பாக்கியில் ஒரு பகுதியையாவது வேறு நாணயமாக மாற்றிக்கொள்ளப் புதிய நிதி உதவ வேண்டும், அதை நிதியின் நோக்கங்களில் ஒரு வரியாகச் சேர்க்க வேண்டும். இதே நிலையில் இருந்த எகிப்து ஆதரித்தது. பாங்கில் பத்து லட்சம் டாலர் வைத்திருப்பவன் டாக்ஸிக்குக் கொடுக்கச் சில்லறை இல்லாமல் தெருவில் நிற்பது போல் எங்கள் நிலை என்று ஷ்ராஃப் பேசினார்.

பிரிட்டன் எதிர்த்தது, அமெரிக்காவும் எதிர்த்தது. திருத்தம் தோற்றது. இது சம்பந்தப்பட்ட நாடுகள் தங்களுக்குள் பேசித் தீர்க்க வேண்டிய விஷயம், பிரிட்டன் கௌரவமாகத் தீர்த்துக்கொள்ளும் என்று பதில் சொன்னவர் யார் தெரியுமா? கெயின்ஸ்! கடன்பட்ட நாட்டுக்கு நியாயம் வேண்டும் என்று ஒயிட்டிடம் மன்றாடிய அதே கெயின்ஸ். வேலையில் சேர்ந்த முதல் இரண்டு வருடம் லண்டனின் இந்தியா ஆபீஸில் இருந்தவர், 1913-ல் தன் முதல் புத்தகத்தையே இந்திய நாணயத்தைப் பற்றி எழுதியவர். இந்தப் பாக்கி எப்படி ஏறியது என்று அவருக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அவர்கள் பக்கமும் ஒரு நியாயம் இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். 130 கோடி பவுண்ட் என்றால் அன்றைய விலையில் சுமார் 520 கோடி டாலர். நிதியின் மொத்தமே 880 கோடி. இந்தப் பாக்கியை உள்ளே விட்டால் நிதி திறந்த அன்றே காலியாகிவிடும் என்று அமெரிக்கா பயந்ததில் கணக்குத் தப்பில்லை. ஆனால் அந்தக் கணக்கின் சுமையை யார் தாங்குவது என்ற கேள்விக்குத்தான் பதில் முன்கூட்டியே எழுதப்பட்டிருந்தது.

கிடைத்தது என்ன?

இந்தியாவுக்கு 40 கோடி டாலர் பங்கு ஒதுக்கினார்கள். அமெரிக்கா, பிரிட்டன், சோவியத் யூனியன், சீனா, பிரான்ஸுக்கு அடுத்து ஆறாவது இடம். சீனாவுக்கு 55 கோடி கொடுத்துவிட்டு நமக்கு 40-ஆ என்று நம் குழுவுக்கு வருத்தம். பின்னால் சோவியத் யூனியன் சேராமல் விலகியதால் இந்தியா ஐந்தாவது ஆனது. முதல் ஐந்து நாடுகள் தாங்களே ஒரு இயக்குநரை நியமிக்கலாம் என்பது அன்றைய விதி. சுதந்திரத்துக்கு முன்பே இந்தியாவுக்கு அப்படி ஒரு நாற்காலி கிடைத்தது.

பாக்கி விஷயம்? 1945 டிசம்பரில் பிரிட்டன் அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன் வாங்கியபோது, அந்த ஒப்பந்தத்திலேயே ஸ்டெர்லிங் பாக்கிகளில் ஒரு பகுதியைக் குறைப்பது பற்றி எழுதினார்கள். கடன் கொடுத்த இந்தியாவைக் கேட்காமலே! நல்லவேளை, இந்தியாவின் பாக்கி அப்படித் தள்ளுபடி ஆகவில்லை.

சுதந்திரத்துக்கு முதல் நாள், 1947 ஆகஸ்ட் 14-ல், முதல் ஒப்பந்தம் போட்டார்கள். மொத்தம் 116 கோடி பவுண்டில் 3.5 கோடியும், கைச்செலவு இருப்பாக 3 கோடியும்தான் உடனே எடுக்க முடிந்தது. மீதி முடக்கப்பட்ட கணக்கில். 1948 கோடையில் லண்டனுக்குப் போய் அடுத்த பேச்சுவார்த்தை நடத்தியவர் இந்தியாவின் முதல் நிதியமைச்சர். வேறு யாரும் இல்லை, அதே சண்முகம் செட்டியார்! ஆங்கிலேய அதிகாரிகளின் பென்ஷனுக்காகவும் அவர்கள் விட்டுப்போன ராணுவத் தளவாடங்களுக்காகவும் ஒரு பெரிய தொகையைக் கழித்துக்கொள்ள வேண்டியிருந்தது. 1949 செப்டம்பரில் பவுண்டின் மதிப்பு 4.03 டாலரிலிருந்து 2.80 டாலராக இறக்கப்பட்டது. லண்டன் கணக்கில் ஒரு பவுண்ட்கூடக் குறையவில்லை, ஆனால் அதை வைத்து வாங்கக்கூடிய அமெரிக்க இயந்திரம் மூன்றில் ஒரு பங்கு போல் குறைந்துவிட்டது. அதற்கு முந்தைய மாதம்தான் இந்திய ரயில்வே உலக வங்கியிடம் 3.4 கோடி டாலர் கடன் வாங்கியிருந்தது. தன் பணம் லண்டனில் கிடக்க, வாஷிங்டனில் கடன்!

மிச்சம் இருந்தது இரண்டாவது ஐந்தாண்டுத் திட்டத்தில் கரைந்தது. 1957-ல் அந்நியச் செலாவணி நெருக்கடி, 1958-ல் உலக வங்கி தலைமையில் இந்தியாவுக்கு உதவி செய்ய நாடுகளின் குழு. பத்துப் பன்னிரண்டு வருடத்துக்குள் கடன் கொடுத்தவன் கடன் கேட்பவன் ஆனான்.

கணக்கும் சாவியும்

இதை வெள்ளைக்காரனின் துரோகம் என்று மட்டும் முடித்துவிட்டால் பாதிதான் புரியும். 2022-ல் உக்ரைன் போரை ஒட்டி ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 30,000 கோடி டாலர் மேற்கு நாடுகளில் முடக்கப்பட்டது. அடுத்த வருடம், 2023 மே மாதம், கோவாவுக்கு வந்த ரஷ்ய வெளியுறவு அமைச்சர் லாவ்ரோவ் ஒரு குறை சொன்னார். ரஷ்யாவின் பணம் பல நூறு கோடி ரூபாயாக இந்திய வங்கிகளில் சேர்ந்து கிடக்கிறது, அதை வேறு நாணயமாக மாற்றிப் பயன்படுத்த வழி வேண்டும் என்றார். ஷ்ராஃப் 1944-ல் சொன்னதும் கிட்டத்தட்ட இதேதான். இந்த முறை சில்லறை இல்லாமல் நின்றது வேறொருவர், சாவி நம் கையில்.

நம் அக்கவுண்டன்சி வகுப்பில் சண்ட்ரி டெட்டார்ஸ் என்று ஒரு தொகையை சொத்துப் பக்கத்தில் எழுதிவிட்டு நிம்மதியாக அடுத்த வரிக்குப் போய்விடுகிறோம். வரவேண்டிய பணம் சொத்துதான். ஆனால் அது எந்த நாணயத்தில், யாருடைய பெட்டியில், யார் திறந்தால் வரும் என்பதை பேலன்ஸ் ஷீட் சொல்லாது. உலகப் பொருளாதாரம் பற்றிய மாநாடுகளில் பெரிய பெரிய வார்த்தைகளுக்குப் பின்னால் பேசப்படுவது பெரும்பாலும் அந்தச் சாவியைப் பற்றித்தான். அடுத்த முறை அந்த குரூப் போட்டோவைப் பார்த்தால் யார் நடுவில் நிற்கிறார் என்று பார்க்காதீர்கள். யாருக்கு யார் பாக்கி, பெட்டி யார் வீட்டில் இருக்கிறது என்று பாருங்கள்.