பதவியும் பணியும்

ஜூபிலி மலர் என்றால் பெயர்ப்பட்டியல் இல்லாமல் முடியாது. பங்குப் பேரவை, மரியாயின் சேனை, வின்சென்ட் தே பவுல் சபை, பாடகர் குழு என்று பதவிகளும் பெயர்களும் பக்கம் பக்கமாய் வரும். வரவேண்டியதுதான். ஆயினும் இவ்வேளையில் கணியூர்ப் பங்கு மக்களோடு நாம் ஒன்றை எண்ணிப் பார்க்க விரும்புகிறோம். பதவி வேறு, பணி வேறு. பதவி என்பது ஓர் ஆளுக்கு நாம் தரும் இடம். பணி என்பது நடந்தேயாக வேண்டிய காரியம். இதைத் திருச்சபை வரலாறே நமக்குக் கற்பிக்கிறது.

தொடக்கத் திருச்சபையில், பந்தி விசாரணையில் கைம்பெண்கள் கவனிக்கப்படவில்லை என்ற முறைப்பாடு எழுந்தது. அப்போஸ்தலர் எழுவரிடம் அவ்வேலையை ஒப்படைத்தனர். ஆனால் அவ்வெழுவருள் முடியப்பர் மறையுரைத்து உயிர்நீத்தார். பிலிப் சமாரியாவில் நற்செய்தி அறிவித்தார். பந்திக்கென ஏற்பட்ட பதவி, தேவை கண்ட இடத்தில் வேறு பணிக்கும் விரிந்தது.

1542-ல் முத்துக்குளித்துறைக்கு வந்த புனித சவேரியார் ஓரூரில் தங்கியிருக்க இயலாதவர். அவர் போனபின் செபம் சொல்லிக்கொடுப்பது யார்? ஊருக்கு ஊர் ஆள் நியமித்தார். அவர்களுக்குப் பெயர் கணக்கப்பிள்ளை. பெயரைக் கேட்டால் வரவு செலவு எழுதுகிறவர் என்று தோன்றும். செய்ததோ சிறுவரைக் கூட்டி மந்திரங்களைப் படிப்பித்தல், சாகும் தறுவாயிலுள்ள குழந்தைக்கு ஞானஸ்நானம் கொடுத்தல். போர்த்துக்கல் அரசியின் மிதியடிச் செலவுக்கென்று அக்கரையிலிருந்து ஆண்டுதோறும் சென்ற 4,000 பணத்தை, இவர்கள் சம்பளத்துக்காகச் சவேரியார் கேட்டுப் பெற்றார்.

1773-ல் பாப்பரசர் பதினான்காம் கிளமெந்து சேசு சபையைக் கலைத்தார். 17-ம் நூற்றாண்டிலேயே அச்சபையார் தளம் அமைத்திருந்த கருமத்தம்பட்டி முதலான கொங்குநாட்டுச் சபைகளுக்குக் குருக்களின் வருகை அருகிற்று. பலி நிறைவேற்றவும் பாவசங்கீர்த்தனம் கேட்கவும் குருவாலன்றி இயலாது. செபமும் மறைக்கல்வியும் நோயாளரை விசாரிப்பதும் அப்படியல்ல. உபதேசியார்களும் குடும்பத்து மூத்தோரும் அவற்றைத் தாங்கியதால்தான் தமிழகத்தில் விசுவாசம் அணையாமல் நின்றது.

இதற்கு நேர்மாறான காட்சியும் உண்டு. முன்னாளில் குருமட மாணவர் ‘வாயிற்காப்பாளர்’ என்றொரு சிறு பட்டம் பெறுவர். சடங்கின்போது ஒருமுறை சாவியைத் தொட்டு, கதவைத் திறந்து, மணியடிப்பதோடு சரி. நாள்தோறும் கதவைத் திறந்தவர் கோவில்பிள்ளை. பட்டம் ஓரிடத்தில், வேலை வேறிடத்தில்! 1972 ஆகஸ்டு 15-ல் பாப்பரசர் ஆறாம் சின்னப்பர் அப்பட்டத்தை எடுத்துவிட்டு, வாசகர், பீடத்துணைவர் பணிகளைப் பொதுநிலை ஆண்களுக்கும் திறந்துவிட்டார். 2021-ல் பாப்பரசர் பிரான்சிஸ் அவற்றைப் பெண்களுக்கும் அளித்தார். அதே ஆண்டு மே 10-ல் உபதேசியார் பணியைத் திருச்சபையின் நிலையான திருப்பணியாக ஏற்படுத்தினார். சவேரியாரின் கணக்கப்பிள்ளைகளுக்குப் பின் ஏறத்தாழ 480 ஆண்டுகள்!

நாம் தவறிய கதையையும் சொல்லிவிடுகிறோம். முன்பு நாம் இருந்த ஒரு பங்கில் உபதேசியார் காலமானார். மறைக்கல்விக்குக் கன்னியர் இருக்கிறார்கள், செபக்கூட்டத்தை அன்பியத்தார் பார்த்துக்கொள்வார்கள் என்று அவ்விடத்தை நிரப்பாமல் விட்டோம். ஆனால் சைக்கிளில் தெருத்தெருவாய்ப் போய், யார் யார் படுக்கையில் என்று பார்த்துவந்து நமக்குச் சொன்னவர் அவரே. எந்த ஏட்டிலும் எழுதப்படாத வேலை அது. சில மாதங்களில் ஒரு மூதாட்டி அவஸ்தைபூசுதல் இல்லாமலே இறந்தார். துக்கமணி அடிக்கக் கேட்டு வந்தபோதுதான் நமக்குச் செய்தி தெரியும். குற்றம் நம்முடையதே. பதவியைக் கணக்கிட்டோம், பணியைக் கணக்கிடவில்லை.

பனியன் கம்பெனிக்குப் போகும் நம் மக்களுக்கு இது புரியாததல்ல. செக்கிங்குக்குத் தனி ஆள் உண்டு. ஆயினும் ஓவர்லாக் தைப்பவர் கண்ணில் துணியின் ஓட்டை பட்டால் உடனே எடுத்து வைக்கிறார். ‘அது செக்கிங் ஆள் பாடு’ என்று விட்டால் சரக்கு திரும்பி வரும். ஒடிசாவிலிருந்தும் ஜார்கண்டிலிருந்தும் பிழைக்க வந்து நம் பகுதியில் தங்கியிருக்கும் தொழிலாளரை விசாரிக்க நம் பட்டியலில் பதவி எதுவுமில்லை. பதவி இல்லையென்று பணி இல்லாமற் போகுமா?

இம்மலரில் பெயர் கண்டவர்கள், அப்பெயருக்குப் பின்னே பணி நிற்கிறதா என்று பார்ப்பார்களாக. பெயர் வராதவர்கள், தமக்கும் பணியுண்டு என்று நினைப்பார்களாக. நாமும் அவ்வாறே செய்யத் துணிகிறோம்.