நம் தெரு மரங்களின் கதை

மதுரையை 1689 முதல் ஆண்ட ராணி மங்கம்மாள், சாலைகள் அமைத்து, வழிநடப்போர் நிழலுக்காக இருபுறமும் மரங்கள் நட்டார். ஆங்கிலேயர் காலத்தில் மடகாஸ்கரின் மயிற்கொன்றையும் தென்னமெரிக்காவின் தூங்குமூஞ்சியும் வந்தன. சீக்கிரம் வளர்ந்ததால் நகரச் சாலைகளெங்கும் இவையே நடப்பட்டன. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னையில் சாய்ந்த மரங்களில் இவை ஏராளம். நம் தெருவில் அன்று விழுந்த இரண்டின் குழிகள் இன்னும் காலியாகவே கிடக்கின்றன.

அங்கே நம் மண்ணின் புங்கன் வைப்போம். மாசி வாக்கில் இலை உதிர்த்தாலும், சித்திரை வெயிலுக்குள் தளிர்த்து அடர்ந்த நிழல் தரும். பூக்கும்போது தேனீக்கள் மொய்க்கும். ஐப்பசி மழை தொடங்கியதும் நடலாம். அடுத்த இரண்டு கோடைகளுக்குத் தண்ணீர் ஊற்ற எதிர்வீட்டார் முன்வந்தால் போதும்.