புதுச்சேரித் துபாசியின் நாட்குறிப்பு

சென்னையைப் பிரெஞ்சுக்காரர் கைப்பற்றிய நாள் எது? ஆங்கிலேயரின் பழைய ஆவணங்கள் 1746 செப்டம்பர் 10 என்கின்றன. பிரெஞ்சு ஆவணங்களோ செப்டம்பர் 21 என்கின்றன. வியப்பு என்னவெனில், இரண்டுமே சரி! இத்தகைய புதிர்களை விடுவிக்கத் துணைபுரியும் அரிய தமிழ் நூல் ஒன்று உண்டு. அதை எழுதியவர் ஆனந்தரங்கப் பிள்ளை.

1709ஆம் ஆண்டு சென்னையை அடுத்த பெரம்பூரில் பிறந்தவர் அவர். தந்தையார் திருவேங்கடம் பிள்ளை வணிகத்தின் பொருட்டுப் புதுச்சேரியில் குடியேறினார். மகனும் வணிகத்தில் சிறந்து, சொந்தக் கப்பலே வைத்திருந்தார். 1747இல் ஆளுநர் துய்ப்ளேக்சு அவரைத் தலைமைத் துபாசியாக்கினார். துபாசி என்றால் இருமொழி அறிந்தவர் என்று பொருள். ஆனால் அவர் வெறும் மொழிபெயர்ப்பாளர் அல்லர். சரக்குக் கொள்முதல், நவாபுகளுடன் கடிதப் போக்குவரத்து, ஊர் வழக்குகள் யாவும் அவர் கைவழியே நடந்தன.

பதவி பெரிது; ஆபத்தும் பெரிது. அவருடைய உறவினரும் முன்னாள் துபாசியுமான நைனியப்ப பிள்ளை 1716இல் சிறைப்பட்டு, மறு ஆண்டு சிறையிலேயே மாண்டார். அரசவையில் இன்று வேண்டியவர் நாளை வேண்டாதவர் ஆகலாம் என்பதை ஆனந்தரங்கர் நன்கு அறிந்திருந்தார்.

1736 செப்டம்பர் 6 அன்று தொடங்கி ஏறத்தாழ 25 ஆண்டுகள் அவர் நாட்குறிப்பு எழுதினார். கப்பல் வரவு, போர்ச் செய்தி, ஆளுநர் பேச்சு, ஊர் வதந்தி எல்லாம் அதில் உண்டு. ஐரோப்பியத் தேதியோடு தமிழ் ஆண்டு, மாதம், தேதி, கிழமை ஆகியவற்றையும் சேர்த்தே குறித்தார். இதன் பயனை இனிப் பார்ப்போம்.

பழைய ஜூலியன் நாட்காட்டி ஓர் ஆண்டை 365.25 நாள் எனக் கொண்டது. உண்மையான பருவ ஆண்டு ஏறத்தாழ 365.2422 நாள். ஆண்டுக்குச் சுமார் 11 நிமிடப் பிழை. 128 ஆண்டுகளில் அது ஒரு முழு நாளாகிவிடும். 1582இல் கிரிகோரியன் திருத்தம் வந்தது. பிரெஞ்சுக்காரர் அவ்வாண்டே அதை ஏற்றனர். ஆங்கிலேயர் 1752 வரை ஏற்கவில்லை. அதற்குள் வேறுபாடு 11 நாளாகிவிட்டது. சென்னை வீழ்ந்த நாளுக்கு இரு தேதிகள் வந்தது இதனால்தான். கிழமை மட்டும் இரு கணக்கிலும் புதனே! தமிழ்த் தேதியும் கிழமையும் உடனிருந்தால், எந்த நாட்காட்டியைப் பின்பற்றிய குறிப்பு என்பதைச் சரிபார்த்துவிடலாம்.

ஆனால் எழுதியிருப்பதெல்லாம் உண்மை எனக் கொள்ளலாகாது. ஆனந்தரங்கர் நடுநிலையாளர் அல்லர். அவருக்குப் போட்டியாளர் இருந்தனர். துய்ப்ளேக்சின் மனைவியோடு பகையும் இருந்தது. தம் பெருமையை அவர் குறைத்து எழுதுபவரும் அல்லர். எந்த அளவுகோலுக்கும் பிழை உண்டு. அப்பிழை எத்திசையில் சாய்கிறது என்று அறிந்தால் அளவு பயன்படும். ஆங்கில, பிரெஞ்சு ஆவணங்களோடு ஒப்பிட்டுப் படிப்பதே முறை.

1756இல் அவர் பதவியிழந்தார். நம் கடலூரை அடுத்த தேவனாம்பட்டினத்து ஆங்கிலக் கோட்டையை 1758இல் பிரெஞ்சுத் தளபதி லாலி பிடித்தார். ஆனால் மூன்றே ஆண்டுகளில் நிலைமை தலைகீழாயிற்று. ஆங்கிலேயர் புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த 1761 ஜனவரியில் ஆனந்தரங்கர் காலமானார். சில நாட்களில் நகரம் சரணடைந்தது.

சுவடிகள் வீட்டிலேயே கிடந்தன. 1846இல் கல்லுவா மோம்பிரேன் அவற்றைக் கண்டெடுத்துப் படியெடுத்தார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசு ஆங்கில மொழிபெயர்ப்பை 12 தொகுதிகளாக வெளியிட்டது. தமிழில் எழுதப்பட்ட நூல் தமிழில் தொகுதிகளாக அச்சேறத் தொடங்கியது அதற்கும் பிறகுதான்!

நம் ஊர்ப் பரண்களிலும் பழைய கணக்கேடுகள், கடிதங்கள், மழைக் குறிப்புகள் இருக்கக்கூடும். பழந்தாள் என்று எடைக்குப் போடுமுன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். நாளும் கிழமையும் இட்டு எழுதிய ஒரு வரி, பின்வரும் ஆய்வாளருக்குப் பெருந்துணையாகும்.