கோடைக்கானல் ஏரியும் துடுப்புப் படகும்

கோடைக்கானல் ஏரி திண்டுக்கல் மாவட்டத்தில் பழனி மலையின் மேற்பரப்பில் உள்ள செயற்கை ஏரி. கடல் மட்டத்திலிருந்து 2,000 மீட்டருக்கு மேல் அமைந்தது. நட்சத்திர வடிவம் கொண்டது. பரப்பு ஏறத்தாழ 60 ஏக்கர். ஏரியைச் சுற்றிச் செல்லும் சாலையின் நீளம் சுமார் 5 கிலோமீட்டர். 1863-ல் ஓடையின் குறுக்கே கரை கட்டி இது உருவாக்கப்பட்டது. தமிழகத்தில் மலை ஏரியில் பொழுதுபோக்குக்காகப் படகு ஓட்டும் வழக்கத்துக்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கும் மேலான வரலாறு உண்டு. அதில் முதன்மையான இடம் இந்த ஏரிக்கு உரியது.

மலை ஏரிகள்: ஒரு வேறுபாடு

ஐரோப்பாவின் ஆல்ப்ஸ் மலை ஏரிகள் பெரும்பாலும் பனியாறுகள் தோண்டிய பள்ளங்களில் நீர் நிறைந்து உருவானவை. ஆழம் மிகுந்தவை. தமிழக மலைகளில் பனியாறுகள் இல்லை. இங்குள்ள மலை ஏரிகளில் பெரும்பாலானவை சதுப்பு நிலத்திலோ ஓடைப் பள்ளத்திலோ மனிதர் கரை எழுப்பி நீரைத் தேக்கியவை. உதகமண்டலம் ஏரியை 1820-களில் கோயம்புத்தூர் கலெக்டர் ஜான் சல்லிவன் உருவாக்கினார். கோடைக்கானல் ஏரி அதற்கு ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் பின்னால் வந்தது.

இந்த வேறுபாடு முக்கியமானது. மனிதர் உருவாக்கிய ஆழம் குறைந்த ஏரி தானாக நிலைத்து நிற்பதில்லை. வண்டல் சேரும், நீர்த்தாவரம் படரும், கரையோரம் மேடாகும். உதகமண்டலம் ஏரியின் பழைய பரப்பில் ஒரு பகுதி பிற்காலத்தில் பேருந்து நிலையமாகவும் குதிரைப் பந்தயத் திடலாகவும் மாறியது. படகு ஓட வேண்டுமானால் ஏரியை ஒவ்வொரு தலைமுறையும் பராமரித்தாக வேண்டும்.

ஏரிக்கு முன்

பழனி மலையில் பளியர்களும் குன்னுவர்களும் நெடுங்காலமாக வாழ்ந்து வருகின்றனர். 1821-ல் பி.எஸ். வார்டு என்னும் நில அளவை அதிகாரி இம்மலையை ஆய்வு செய்தார். 1845-ல் மதுரையில் பணியாற்றிய அமெரிக்க மிஷனரிகள் சமவெளியின் வெப்பத்துக்கும் காய்ச்சலுக்கும் தப்ப இங்கே முதல் வீடுகளைக் கட்டினர். பின்னர் ஆங்கிலேய அதிகாரிகளும் கோடைக்காலத்தில் வரத் தொடங்கினர். அப்போது இன்றைய ஏரி இருக்கும் இடம் ஓடை பாயும் ஈரப் பள்ளமாக இருந்தது.

லெவிஞ்சும் ஏரியும்

1860-களில் மதுரை கலெக்டராக இருந்தவர் சர் வெர் ஹென்றி லெவிஞ்ச். 1863-ல் ஓடைக்குக் குறுக்கே கரை கட்டி ஏரியை உருவாக்கினார். இதற்குத் தன் சொந்தப் பணத்தையும் செலவிட்டார். பணி ஓய்வுக்குப் பிறகு கோடைக்கானலிலேயே குடியேறினார். அங்கே சாலைகள் அமைப்பதிலும் வெளிநாட்டு மரம், செடி, கனி வகைகளைக் கொண்டுவருவதிலும் ஈடுபட்டார். 1885-ல் காலமானார்.

ஏரிக்கான முதல் படகைத் தூத்துக்குடியிலிருந்து அவர் வரவழைத்ததாகக் கோடைக்கானல் வரலாற்றுக் குறிப்புகள் கூறுகின்றன. அன்று மலைக்கு வண்டிச் சாலை கிடையாது. பெரியகுளம் பக்கத்து அடிவாரத்திலிருந்து குதிரைப் பாதை ஒன்றே மேலே சென்றது. பயணிகள் குதிரையிலோ டோலியிலோ ஏறினர். சுமைகளைக் கூலியாட்கள் தலையிலும் தோளிலும் தூக்கிச் சென்றனர். மோட்டார் வண்டிகள் மலையேறும் சாலை 1910-களில்தான் பயன்பாட்டுக்கு வந்தது. அதுவரை ஏரிக்குச் சென்ற எந்தப் படகுக்கும் பலகைக்கும் மனித உழைப்பே வழி. அந்தச் சுமையாளர்களின் பெயர்கள் ஏரியின் வரலாற்றில் இடம்பெறவில்லை.

படகுச் சங்கம்

1890-ல் கோடைக்கானல் படகுச் சங்கம் தொடங்கப்பட்டது. 1910-ல் அதற்குப் புதிய படகுத்துறைக் கட்டடம் எழுந்தது. தொடக்கத்தில் படகு ஓட்டுவது உறுப்பினர்களுக்கான பொழுதுபோக்கு. உறுப்பினர்கள் மலையில் கோடையைக் கழித்த ஐரோப்பிய அதிகாரிகளையும் மிஷனரிகளையும் சார்ந்த வட்டத்தினர். ஏரியைக் கரையிலிருந்து யாரும் பார்க்கலாம். நீரில் இறங்கும் உரிமை சிலருக்கே இருந்தது.

1932-ல் இந்நிலை மாறியது. வெளியூர்ப் பயணிகளும் தற்காலிக உறுப்பினராகிப் படகை வாடகைக்கு எடுக்க வழி செய்யப்பட்டது. ஏரியின் சமூக வரலாற்றில் 1863-க்கு அடுத்த முக்கியமான ஆண்டு இதுவே. விடுதலைக்குப் பின் சுற்றுலாத் துறையின் படகுத்துறையும் ஏற்பட்டது. மே மாதக் கோடை விழாவில் படகுப் போட்டியும் அலங்காரப் படகு அணிவகுப்பும் இடம்பெறலாயின. தேனிலவுத் தம்பதியரும், பள்ளிச் சுற்றுலா மாணவரும், ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் போன்ற சமவெளி ஊர்களிலிருந்து வேன் பிடித்து வரும் குடும்பங்களும் இன்று அதே நீரில் படகு ஓட்டுகின்றனர்.

படகு வகைகளும் கயாக்கும்

தமிழகத்தில் துடுப்புப் போடுவது பழைய தொழில். கட்டுமரத்திலும் பரிசலிலும் செல்பவர் துடுப்பைக் கையிலேயே பிடித்து, போகும் திசையைப் பார்த்து வலிப்பார். கோடைக்கானலில் ஆங்கிலேயர் பழக்கியது வேறு முறை. இதில் இரு துடுப்புகளும் படகின் விளிம்பில் பொருத்தப்பட்டிருக்கும். வலிப்பவர் போகும் திசைக்கு முதுகு காட்டி அமர்வார். பிற்காலத்தில் காலால் மிதித்து ஓட்டும் மிதிபடகு வந்தது. பழக்கமில்லாதவரும் எளிதில் ஓட்டலாம் என்பதால் அது பரவலாயிற்று.

கயாக் கட்டுமரத்தைப் போல முன்னோக்கி அமர்ந்து வலிக்கும் படகு. இருபுறமும் தட்டை கொண்ட ஒரே துடுப்பை இடமும் வலமுமாக மாற்றி மாற்றிப் போட வேண்டும். ஆர்க்டிக் பகுதியின் இனுயிட் மக்கள் கடல் வேட்டைக்காக மரத்தாலோ எலும்பாலோ சட்டம் செய்து, அதன் மேல் கடல்நாய்த் தோலைப் போர்த்தி இதனை உருவாக்கினர். கோடைக்கானல் ஏரி அமைந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1865-ல் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜான் மக்கிரெகர் 'ராப் ராய்' என்னும் சிறு படகில் ஐரோப்பிய ஆறுகளிலும் சுவிட்சர்லாந்து ஏரிகளிலும் பயணம் செய்தார். அவர் எழுதிய பயண நூல் இவ்வகைப் படகோட்டத்தைப் பொழுதுபோக்காகப் பரப்பியது. 1905-ல் மியூனிக் நகர மாணவர் ஆல்ஃபிரெட் ஹாய்ரிக் மடித்து எடுத்துச் செல்லக்கூடிய கயாக்கை வடிவமைத்தார். மடித்த படகை ரயிலில் ஏற்றி ஆல்ப்ஸ் ஏரிகளுக்குக் கொண்டுசெல்ல முடிந்தது. 1936 பெர்லின் ஒலிம்பிக்கில் கயாக் போட்டிப் பிரிவாயிற்று.

கோடைக்கானல் ஏரியின் வடிவம் சிறு படகுகளுக்கு ஏற்றது. குறுகிய கிளைகளாகப் பிரிந்து கிடப்பதால் காற்று நீண்ட தூரம் நீரைத் தள்ள இயலாது. ஆகவே பெரிய அலை எழுவதில்லை. ஆனால் மலை நீர் குளிர்ந்தது. மூடுபனி சில நிமிடங்களில் கரையை மறைத்துவிடும். நீச்சல் தெரிந்தவருக்கும் குளிர்நீரில் விழுந்தால் மூச்சுத் திணறும். உயிர்காப்பு உடை இங்கே அனைவருக்கும் கட்டாயத் தேவை.

தேக்கடி தரும் பாடம்

மேற்குத் தொடர்ச்சி மலையின் மற்றொரு பெரிய நீர்த்தேக்கம் ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஊர்களுக்கு மேற்கே தெரியும் மலைகளுக்கு அப்பால் கேரளத்தில் உள்ளது. ஜான் பென்னிகுயிக் 1895-ல் முடித்த முல்லைப் பெரியாறு அணை பாசனத்துக்காகக் கட்டப்பட்டது. அதனால் உருவான தேக்கடி ஏரியில் படகுச் சுற்றுலா பின்னால் வந்தது. 2009 செப்டம்பர் 30 அன்று அங்கே இரண்டடுக்குச் சுற்றுலாப் படகு ஒன்று கவிழ்ந்து 45 பேர் இறந்தனர். அமைதியாகத் தோன்றும் மலை ஏரியிலும் படகின் சமநிலை, ஆட்களின் எண்ணிக்கை, உயிர்காப்பு உடை ஆகியவற்றில் கவனக்குறைவு கூடாது என்பதை அந்த விபத்து காட்டியது.

நீரின் நிலை

கோடைக்கானல் ஏரி நகரத்தின் நடுவே உள்ளது. சுற்றியுள்ள சரிவுகளில் பெய்யும் மழை அங்கே வந்து சேர்கிறது. விடுதிகளும் வீடுகளும் பெருகியபோது கழிவுநீரும் வண்டலும் சேர்ந்து வந்தன. ஊட்டம் மிகுந்த நீரில் நீர்த்தாவரம் அடர்ந்து வளரும். துடுப்பு அதில் சிக்கும். களையை அகற்றுவது ஏரியின் ஓயாத பணியாயிற்று.

பாதரச மாசு இன்னொரு சிக்கல். 1980-களில் நகரில் தொடங்கப்பட்ட வெப்பமானித் தொழிற்சாலை, பாதரசக் கழிவு குறித்த போராட்டத்தைத் தொடர்ந்து 2001-ல் மூடப்பட்டது. 2006-ல் வெளியான அறிவியல் ஆய்வு ஏரியின் நீரிலும் படிவிலும் மீனிலும் பாதரசம் இருப்பதைக் கண்டது. முன்னாள் தொழிலாளர்களுக்கும் நிறுவனத்துக்கும் இடையே 2016-ல் இழப்பீட்டு உடன்பாடு ஏற்பட்டது.

ஏரியின் உபரிநீர் கீழே வெள்ளி நீர்வீழ்ச்சியாக விழுகிறது. மலையேறும் வாகனங்கள் முதலில் நின்று பார்ப்பது அந்த அருவியைத்தான். ஆகவே ஏரியின் மாசு ஏரியோடு நிற்பதில்லை.

மதிப்பீடு

படகு ஓட்டுவதற்கென்று உருவாக்கப்பட்ட ஏரி இது. அதை உருவாக்கியது ஒரு கலெக்டரின் விருப்பமும் பெயர் தெரியாத தொழிலாளர்களின் உழைப்பும். முதல் எழுபது ஆண்டுகளில் எழுந்த கேள்வி, யார் படகில் ஏறலாம் என்பது. 1932-க்குப் பின் அது மெல்லத் தீர்ந்தது. இன்றுள்ள கேள்வி, படகு மிதக்கும் நீரை யார் காப்பது என்பது. முதல் உரிமை எல்லோருக்கும் கிடைத்துவிட்டதால் இந்தப் பொறுப்பும் எல்லோருடையதாகிறது.