எண்ணெய் விலையும் காட்டு மரமும்

1973 அக்டோபரில் மூண்ட அரபு–இஸ்ரேல் போரையும் அதையொட்டிய எண்ணெய்த் தடையையும் நாம் அரசியல் வரலாறாகவே படித்து வந்திருக்கிறோம். பீப்பாய் ஒன்றுக்கு ஏறத்தாழ 3 டாலராக இருந்த விலை சில மாதங்களில் 12 டாலரை நெருங்கியது. அந்த விலையேற்றம் ஏழை நாடுகளின் அடுப்படிக்குள்ளும் நுழைந்தது என்பதை நாம் அதிகம் எண்ணிப் பார்ப்பதில்லை.

மண்ணெண்ணெய் வாங்க இயலாத குடும்பம் சமைக்காமல் இருந்துவிடுவதில்லை. விறகுக்கும் கரிக்கும் திரும்புகிறது. 1975இல் எரிக் எக்ஹோம் என்ற ஆய்வாளர் விறகுத் தட்டுப்பாட்டை 'மற்றோர் எரிசக்தி நெருக்கடி' என்றே அழைத்தார்.

முஸ்லிம்கள் மிகப் பெரும்பான்மையாக வாழும் செனகல் நாட்டை எடுத்துக்கொள்வோம். சாஹேல் வறட்சியால் காடுகள் நலிந்திருந்த வேளையில், டக்கார் நகரத்து அடுப்புகளுக்காக மரங்கள் கரியாக்கப்பட்டு வந்தன. ஆகவே, 1974இல் அந்நாட்டு அரசு சமையலுக்குப் பூட்டேன் எரிவாயுவைப் பரப்பத் தொடங்கியது. சிறிய உருளைகளும் மானியமும் கைகொடுக்க, நகரக் குடும்பங்கள் பல கரியைக் குறைத்தன. ஆனால் காட்டைக் காக்க வந்த அந்த எரிவாயுவின் விலையும் உலக எண்ணெய்ச் சந்தையோடு பிணைந்தே இருந்தது. 2008இல் எண்ணெய் விலை 140 டாலரையும் தாண்டியது; மானியச் சுமை தாங்காமல் 2009இல் அரசு கைவிரித்தது. எரிவாயு கட்டுப்படியாகாத வீடுகளில் கரியடுப்பு மீண்டும் புகைந்தது.

அப்படியானால் விலை சரிந்தால் காடு பிழைக்குமா? இந்தோனேசியாவின் அனுபவம் வேறு விதமாய் இருந்தது. 1986இல் எண்ணெய் விலை பாதிக்கும் கீழே வீழ்ந்தபோது, எண்ணெய் விற்று வாழ்ந்த அந்நாட்டின் வருவாய் சுருங்கியது. அதை ஈடுகட்ட அரசு பிற ஏற்றுமதிகளை ஊக்குவித்தது. அவற்றுள் ஒட்டுப்பலகை முக்கிய இடம் பெற்றது. கலிமந்தான், சுமத்ரா காடுகள் அதற்கு விலை கொடுத்தன.

விலை ஏறியபோது வாங்கும் நாட்டின் மரம் வெட்டப்பட்டது. இறங்கியபோது விற்கும் நாட்டின் மரம் வெட்டப்பட்டது. இரு நாடுகளுக்கும் அந்த விலையைத் தீர்மானிக்கும் வலிமை இருக்கவில்லை. ஏழையின் அடுப்புக்குச் சந்தையின் ஏற்ற இறக்கத்திலிருந்து பாதுகாப்பளிக்காமல், 'மரத்தை வெட்டாதே' என்று அவனுக்கு மட்டும் அறிவுரை கூறுவது நீதியாகாது என்பதே இவ்வரலாற்றிலிருந்து நாம் பெறும் படிப்பினை.