இறந்தவர் குரலும் இருப்போர் வழக்கும்

ஓவியத்தின் மூலையில் ஓவியன் தன் கையொப்பத்தை இடுகிறான். நூலின் முகப்பில் ஆசிரியன் பெயர் பொறிக்கப்படுகிறது. பாடகனுக்கோ குரலே கையொப்பம். அக்கையொப்பம் மெய்யானதுதானா என்ற ஐயம் எழுந்து, அதை இட்டவரும் உயிரோடு இல்லையாயின், உண்மையை நிறுவுவது எங்ஙனம்? இவ்வினா அமெரிக்க நாட்டில் 2010ஆம் ஆண்டு இசை இரசிகரைப் பிளவுபடுத்தியது. பின்னர் நீதிமன்றின் படியேறியது. பன்னிரண்டு ஆண்டுகள் நீடித்தது.

மைக்கல் ஜக்சன் 1958ஆம் ஆண்டு இந்தியானா மாநிலத்தின் கேரி நகரிற் பிறந்தவர். சிறு பராயத்திலேயே உடன்பிறந்தாருடன் மேடையேறிப் புகழ்பெற்றவர். 1982இல் வெளிவந்த 'திரில்லர்' என்னும் இசைத்தொகுப்பு அவர் பெயரை உலகெங்கும் பரப்பியது. அடுத்த தொகுப்பாகிய 'பாட்' வெளிவர ஐந்து ஆண்டுகள் சென்றன. அதற்கடுத்த 'டேஞ்சரஸ்' வெளிவர மேலும் நான்கு ஆண்டுகள் சென்றன. தம் செவிக்கு நிறைவு தராத எதனையும் எளிதில் வெளியிடாதவர் என்பதை அவர் இரசிகர் நன்கறிவர். 2009ஆம் ஆண்டு ஜூன் 25ஆம் நாள் லொஸ் ஏஞ்சலிஸ் நகரில், ஐம்பதாவது வயதில், அவர் காலமானார். முற்றுப்பெறாத ஒலிப்பதிவுகள் பல எஞ்சின.

அவற்றுட் சிலவற்றைப் பிறர் கைகொண்டு நிறைவுசெய்து, சோனி நிறுவனம் 2010ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில் 'மைக்கல்' என்ற பெயரில் வெளியிட்டது. அத்தொகுப்பிற் பத்துப் பாடல்கள் இருந்தன. அவற்றுள் 'பிறேக்கிங் நியூஸ்', 'கீப் யுவர் ஹெட் அப்', 'மொன்ஸ்ரர்' என்னும் மூன்றுமே பூசலுக்கு வித்திட்டவை. 2007ஆம் ஆண்டில் நியூ ஜேர்சி மாநிலத்தில் நண்பர் ஒருவரின் குடும்பத்தாரோடு ஜக்சன் தங்கியிருந்த காலத்தில், அவ்வீட்டிலேயே அவை பதிவுசெய்யப்பட்டன என்று கூறப்பட்டது.

தொகுப்பு விற்பனைக்கு வருமுன்னரே, நவெம்பர் 8ஆம் நாள், முதற்பாடல் இணையத்தில் ஒலித்தது. அன்றே ஐயமும் எழுந்தது. பல்லாண்டுகளாக அக்குரலைக் கேட்டுப் பழகியவர் பலர், இது அவருடையதன்று என்றனர். குரலின் நடுக்கம் வேறு, சொற்களை உச்சரிக்கும் பாங்கு வேறு, மூச்சை இழுக்கும் இடம் வேறு என்று அவர்கள் நுணுகிக் காட்டினர். இடையிடையே ஒலிக்கும் மூச்சொலிகளும் கூவல்களும் பழைய இசைத்தட்டுகளிலிருந்து வெட்டியெடுத்துச் செருகப்பட்டவை என்றும் வாதித்தனர். ஜக்சனின் உடன்பிறந்தாருட் சிலரும் தமையனின் மைந்தரும் இதே ஐயத்தை வெளிப்படையாகக் கூறினர்.

மறுபக்கத்தாரும் வாளாவிருக்கவில்லை. வீட்டிற் செய்த பதிவு பெரிய ஒலிக்கூடத்தின் தெளிவுடன் அமையாது; முதுமையும் களைப்பும் குரலை மாற்றும்; கருவிகளாற் செப்பனிடும்போது இயல்பான ஒலி திரிபடைவதும் உண்டு என்றனர் அவர்கள். ஜக்சனின் மரணச்சொத்தைப் பரிபாலிப்போரின் சட்டத்தரணி விரிவான அறிக்கையொன்றை வெளியிட்டார். ஜக்சனோடு பணியாற்றிய இசையமைப்பாளரும் ஒலிப்பதிவாளரும் வாத்திய ஒலி நீக்கிய தனிக்குரலைக் கேட்டு, அது அவருடையதே என உறுதிசெய்தனர் என்றும், இசை ஆய்வு வல்லுநர் இருவரும் அவ்வாறே முடிவுகூறினர் என்றும் அதிற் கண்டிருந்தது. ஐயுற்றோர் ஆறினாரில்லை. செவிக்குச் செவி சான்றாக நின்றதே தவிர, சான்றுகளை நிறுத்துத் தீர்ப்பளிக்க எவரும் இலர்.

2014ஆம் ஆண்டில் இரசிகை ஒருவர் கலிபோர்ணியாவில் வழக்குத் தொடுத்தார். அவர் நியமித்த ஒலியியல் அறிஞர், அக்குரல் பெரும்பாலும் ஜக்சனுடையதன்று என்று அறிக்கை தந்தார். எனினும் வழக்கின் அடிப்படை இசையன்று, விற்பனை. இதுகாறும் வெளிவராத ஒன்பது பாடல்களை ஜக்சன் பாடியுள்ளார் எனத் தொகுப்பின் அட்டை அறிவித்திருந்தது. அதனை நம்பிப் பணம் கொடுத்தவர் ஏமாற்றப்பட்டார் என்பதே முறைப்பாடு. ஆகவே நுகர்வோரைக் காக்கும் சட்டங்களின் கீழ் அவர் நீதி கோரினார்.

சோனி நிறுவனத்தார் பேச்சுரிமையைத் தம் கேடயமாகக் கொண்டனர். கலைப்படைப்புப் பற்றிய கூற்று வெறும் விளம்பரமாகாது என்பது அவர்கள் வாதம். 2018இல் மேன்முறையீட்டு நீதிமன்று அவர்கள் பக்கம் நின்றது. பாடியவர் யார் என்பதை நிறுவனம் நேரில் அறிந்திருக்கவில்லை. ஆதலால் அட்டையிலுள்ள கூற்று பொதுமக்களிடையே நிகழும் சர்ச்சையொன்றிற் கூறப்பட்ட கருத்தே என்று அது கொண்டது. அவ்வேளை, பாடல்கள் போலியானவை என்பதை நிறுவனமே ஒப்புக்கொண்டதாகச் செய்தி பரவியது. அது பிழை. சட்டப் பிரச்சினையை ஆராய்வதற்காக மாத்திரம், பாடியவர் ஜக்சன் அல்லர் என வைத்துக்கொண்டு வாதம் நிகழ்ந்ததே அன்றி, எவரும் எதனையும் ஒப்புக்கொள்ளவில்லை.

2022ஆம் ஆண்டு இவ்வரலாற்றின் இறுதிக் கட்டம். ஜூலை மாதத்தில் அம்மூன்று பாடல்களும் இணைய இசைத்தளங்களிலிருந்து அகற்றப்பட்டன. பாடல்களின் மெய்ம்மைக்கும் இதற்கும் தொடர்பில்லை. சர்ச்சையைக் கடந்துசெல்ல இதுவே எளிய வழி என்று நிறுவனத்தாரும் மரணச்சொத்தைப் பரிபாலிப்போரும் அறிவித்தனர். ஓகஸ்ட் மாதத்தில் அவர்களோடு வழக்காளி இணக்கம் கண்டார். அதே மாதம் 18ஆம் நாள் மாநிலத்தின் அதியுயர் நீதிமன்று, மேன்முறையீட்டு நீதிமன்றின் முடிவை மாற்றித் தீர்ப்பளித்தது. பொருளை வாங்கத் தூண்டும் அட்டைக்கூற்று வணிகப் பேச்சே; உண்மையைத் தான் அறியேன் என்பதால் மாத்திரம் விற்போன் பொறுப்பினின்று நீங்கான் என்பது அத்தீர்ப்பின் சாரம்.

பாடியவர் யார் என்ற வினாவுக்கு எந்த நீதிமன்றும் விடை கூறவில்லை. விடை கூறத்தக்க ஒருவர் மறைந்துவிட்டார். ஆயினும் இரசிகர் தொடுத்த போர் வீண்போகவில்லை. குரலின் உண்மை தீர்க்கப்படாமல் நின்றபோதும், அக்குரலை விற்றோரின் சொல் சட்டத்தின் முன் நிறுத்தப்பட்டது. இறந்த கலைஞன் தன் பெயரைத் தானே காத்துக்கொள்ள இயலாது. அவன் பெயரால் பேசுவோர் தம் சொல்லுக்குத் தாமே பிணை நிற்றல் வேண்டும். குரலை ஒத்து ஒலிக்கக் கணிப்பொறியே கற்றுக்கொண்ட இக்காலத்தில், அப்பிணையின் தேவை முன்னையினும் பெரிதாகும்.