காற்று கொண்டுவந்த கொழும்பு டிவி

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலைக்கு ஒரு மாதப் பயிற்சிக்காகப் போயிருந்தேன். எங்களுக்கு வேலை சொல்லிக்கொடுத்த மேற்பார்வையாளர் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர். வயது ஐம்பதைத் தாண்டியிருக்கும். எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். ஒருநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் பேச்சு டிவிக்குப் போனது. (இந்தப் பக்கம் டிவி பேச்சு வருவதில் ஆச்சரியம் இல்லை. 2007இல் சாம்சங் நிறுவனம் டிவி தயாரிக்க ஆரம்பித்தது பக்கத்து ஸ்ரீபெரும்புதூரில்தான்.)

"எங்க ஊருக்கு மொதல்ல வந்தது மெட்ராஸ் டிவி இல்ல தம்பி, கொழும்பு டிவி. ரூபவாகினி" என்றார்.

"இலங்கை பக்கத்திலதானே அண்ணாச்சி இருக்கு, வராம இருக்குமா?" என்றேன்.

"வரும். ஆனா காத்து பாத்துத்தான் வரும். சில நாளு கண்ணாடி மாதிரி இருக்கும். சில நாளு வெறும் புள்ளிதான்."

டிவி அலைக்கும் காற்றுக்கும் என்ன சம்பந்தம் என்று அப்போது மனதுக்குள் சிரித்துக்கொண்டேன். காற்றில் ஆன்டெனா திரும்பிப் போயிருக்கும், அதைத்தான் சொல்கிறார் என்று நினைத்தேன். அறைக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது, அண்ணாச்சி சொன்னதுதான் சரி, நான் சொன்னதுதான் தவறு.

முதலில் கொஞ்சம் வரலாறு. சென்னையில் தூர்தர்ஷன் 1975ஆம் ஆண்டு ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. ஆனால் அது சென்னைக்கும் சுற்று வட்டாரத்துக்கும் மட்டும்தான். மதுரைக்குத் தெற்கே இருந்தவர்களுக்கு டிவி என்பது பத்திரிகையில் படிக்கிற சமாச்சாரம். இலங்கையில் ஐ.டி.என். 1979 ஏப்ரலில் வந்தது. 1982 பிப்ரவரி 15 அன்று ஜப்பான் நாட்டு உதவியுடன் ரூபவாகினி தொடங்கியது. அதற்கு இரண்டே நாள் கழித்து, பிப்ரவரி 17 அன்று கொழும்பில் இலங்கை அணி தன் முதல் டெஸ்ட் மேட்ச்சை இங்கிலாந்துக்கு எதிராக ஆடியது. தென் மாவட்டங்களில் அந்தத் தலைமுறைக்காரர்கள் ரூபவாகினி என்றதும் கிரிக்கெட்டைப் பற்றிப் பேசுவது இதனால்தானோ என்னவோ.

ஏற்கெனவே தென் தமிழ்நாட்டுக்கு இலங்கை வானொலி பழகிப்போன ஒன்று. அப்துல் ஹமீதின் குரல் தெரியாத வீடு கிடையாது. ஆனால் அந்த வானொலி வந்த மத்திய அலை வேறு, டிவி வந்த வி.எச்.எஃப். அலை வேறு. மத்திய அலை பூமியின் வளைவோடு ஒட்டிக்கொண்டு போகும், அதுவும் உப்புத் தண்ணீர் மேல் என்றால் அதற்குக் கொண்டாட்டம். இரவில் வானத்து அயனி மண்டலத்தில் பட்டுத் திரும்பியும் வரும். வி.எச்.எஃப். அப்படி இல்லை. ஏறக்குறைய டார்ச் வெளிச்சம் மாதிரி நேராகப் போகும். பூமி வளைந்துவிட்டால் அது மேலே விண்வெளிக்குப் போய்விடும்.

இப்போது கணக்கு. சாதாரண வானிலையில் ஒரு கோபுரத்திலிருந்து அலை எட்டும் தொடுவானத் தூரத்துக்கு ஒரு எளிய சூத்திரம் உண்டு. உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டரில் விடை வரும். ரூபவாகினியின் முக்கிய ஒலிபரப்பி இருந்தது இலங்கையின் மிக உயர்ந்த மலையான பிதுருதலாகலையில். உயரம் 2,524 மீட்டர். வர்க்கமூலம் சுமார் 50. பெருக்கினால் 207 கி.மீ. தூத்துக்குடியில் ஒருவர் மொட்டை மாடியில் குழாய் நட்டு 12 மீட்டர் உயரத்தில் ஆன்டெனா வைத்திருந்தால் அதற்கு இன்னொரு 14 கி.மீ. மொத்தம் 221. ஆனால் பிதுருதலாகலைக்கும் தூத்துக்குடிக்கும் இடையே ஏறக்குறைய 350 கி.மீ.! கன்னியாகுமரிக்கு 370க்கும் மேல். ராமேஸ்வரம் கிட்டே இருப்பது போலத் தோன்றினாலும் அந்த மலையிலிருந்து பார்த்தால் 300 கி.மீ. ஆகிறது.

அதாவது தூத்துக்குடிக்கு வந்து சேரும் அலை சுமார் 130 கி.மீ. தூரம் தொடுவானத்துக்குக் கீழே இறங்கி வந்திருக்கிறது. "பக்கத்து நாடுதானே" என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

காற்றில் பட்டுச் சிதறி, தொடுவானம் தாண்டியும் கொஞ்சம் அலை எப்போதும் வந்துகொண்டுதான் இருக்கும். அண்ணாச்சி சொன்ன "வெறும் புள்ளி" நாட்கள் அவை. கண்ணாடி மாதிரித் தெரிந்த நாட்களுக்குக் காரணம் வேறு.

வெயில் காலத்தில் தார் ரோட்டில் கானல் நீர் பார்த்திருப்பீர்கள். ரோட்டை ஒட்டிய காற்று சூடாகவும், மேலே உள்ள காற்று அதைவிடக் குளிராகவும் இருப்பதால் ஒளி மேல்நோக்கி வளைகிறது. கடல் மேல் இதற்கு நேர் தலைகீழ். தண்ணீரை ஒட்டி ஈரமான, கொஞ்சம் குளிர்ந்த காற்று. அதன் மேல் நிலத்திலிருந்து வருகிற சூடான வறண்ட காற்று பாய் விரித்தது போலப் படர்கிறது. இப்படி இருந்தால் வானொலி அலை கீழ்நோக்கி வளையும். ஈரம் மேலே போகப் போகச் சட்டென்று குறைந்தால், அலை பூமி வளைவதைவிட அதிகமாக வளைந்து, கடலில் பட்டு எழும்பி, மறுபடி வளைந்து, ஒரு குழாய்க்குள் போவது போல நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் போய்விடும். இதற்கு டக்டிங் என்று பெயர். ரூபவாகினியின் அலைநீளம் சுமார் ஒன்றரை மீட்டர். அதைச் சிறைப்பிடிக்க அந்த ஈரக் காற்று அடுக்கு ஏறக்குறைய 150 மீட்டர் தடிமனாவது இருக்க வேண்டும். பலமான காற்றோ மழையோ வந்தால் அடுக்குகள் கலந்துவிடும், குழாய் உடைந்துவிடும், படமும் போய்விடும். மன்னார் வளைகுடாவுக்கு மேற்கே வறண்ட தென் தமிழ்நாடு, கிழக்கே இலங்கை, நடுவில் கதகதப்பான கடல். இதைவிடத் தோதான இடம் கிடைப்பது கஷ்டம்.

மீனவர்கள் கச்சான், கொண்டல், வாடை என்று காற்றுக்குப் பெயர் வைத்துப் பிரித்துச் சொல்வார்கள். அந்தக் காற்றுகளைப் பார்த்து டிவி தெரியுமா தெரியாதா என்று சொல்ல முடிந்தவர்கள், தெரியாமலே வானிலை இயற்பியல் படித்தவர்கள்தான்.

இதே விஷயம் இந்தியாவில் இன்னும் பெரிய அளவில் முன்பே நடந்திருக்கிறது. இரண்டாம் உலகப்போரின்போது பம்பாயில் 200 மெகாஹெர்ட்ஸில் இயங்கிய ஒரு ராடார் இருந்தது. அதாவது கிட்டத்தட்ட ரூபவாகினியின் அதே ஒன்றரை மீட்டர் அலை. அரபிக்கடலில் கப்பல் வருகிறதா என்று பார்க்க வைத்திருந்த அந்த ராடாரில், பருவமழைக்கு முந்தைய கோடை மாதங்களில், ஆயிரம் மைலுக்கும் அப்பால் இருந்த அரேபியக் கடற்கரை தெரிந்தது! மழை தொடங்கியதும் மறைந்துவிட்டது. போருக்குப் பின் வந்த அலைபரவல் பாடப்புத்தகங்களில் இது ஒரு முக்கிய உதாரணம். எதிரி விமானத்தைத் தேடுகிறவர்களுக்கு இது வேடிக்கையான விஷயம் இல்லை. வெகு தூரத்தில் இருப்பது பக்கத்தில் இருப்பது போலத் திரையில் தெரிந்தால் வீணாக அலைய வேண்டியதுதான்.

அமெச்சூர் வானொலிக்காரர்கள் (ஹாம் என்று சொல்வார்களே, அவர்கள்) இதையே ஒரு விளையாட்டாக எடுத்துக்கொண்டார்கள். கலிபோர்னியாவுக்கும் ஹவாய்க்கும் நடுவே பசிபிக் கடல் மேல் இப்படி ஒரு அடுக்கு கோடையில் உருவாகும். 1957 ஜூலை 8 அன்று கலிபோர்னியாவின் ஜான் சேம்பர்ஸும் ஹவாயின் ரால்ஃப் தாமஸும் 144 மெகாஹெர்ட்ஸில் பேசிக்கொண்டார்கள். சுமார் 4,000 கி.மீ. அந்த அலைவரிசையில் அது நடக்கவே நடக்காது என்று பலரும் நினைத்திருந்த காலம். 1960ஆம் ஆண்டுக்கான எடிசன் விருது சேம்பர்ஸுக்குக் கொடுக்கப்பட்டது. நம் ஊர் ஹாம்களுக்கும் 144 முதல் 146 மெகாஹெர்ட்ஸ் வரை அனுமதி உண்டு. ஆனால் 1980களில் தூத்துக்குடி, ராமநாதபுரம், கன்னியாகுமரிக் கடற்கரையில் மூங்கிலும் இரும்புக் குழாயும் நட்டு, பூஸ்டர் வைத்து, "இப்போ தெரியுதா? இன்னும் கொஞ்சம் திருப்பவா?" என்று மாடிக்கும் வீட்டுக்கும் கத்திக்கொண்டிருந்த ஆயிரக்கணக்கானவர்கள் செய்ததும் ஏறக்குறைய அதே வேலைதான். விருதும் இல்லை, லாக் புத்தகத்தில் பதிவும் இல்லை. படம் தெரிந்ததும் தெருவே வந்து உட்கார்ந்துவிடும்.

இதில் ஒரு வேடிக்கை. அந்தக் காலத்தில் இந்தியாவில் டிவி வைத்திருக்க லைசென்ஸ் வேண்டும். தபால் ஆபீஸில் பணம் கட்ட வேண்டும். 1980களின் நடுவில்தான் அது ஒழிந்தது. ஆக, டெல்லிக்குக் கட்டணம் செலுத்திவிட்டுக் கொழும்பைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள் நம் ஆட்கள்.

அந்தப் பக்கமும் இதே கதைதான். யாழ்ப்பாணத்துக்காரர்கள் சென்னைத் தூர்தர்ஷனை எட்டிப் பிடித்தார்கள். தூரம் சுமார் 380 கி.மீ., பெரும்பாலும் கடல் மேல். 150 மீட்டர் கோபுரம் என்று வைத்துக்கொண்டாலும் தொடுவானம் 50 கி.மீட்டரில் முடிந்துவிடும். மலைகூட இல்லை. அப்படியும் யாழ்ப்பாணத்தில் "ஒளியும் ஒலியும்" பார்த்ததை நினைவுகூர்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இங்கேதான் எனக்கு இது வெறும் இயற்பியல் இல்லை என்று தோன்றியது. ரூபவாகினி தொடங்கி ஒன்றரை வருடத்தில், 1983 ஜூலையில், இலங்கையில் தமிழர்களுக்கு எதிரான கலவரம் நடந்தது. அதன்பின் இதே கடல் வழியாகத்தான் அகதிகள் படகில் ராமேஸ்வரம் கரைக்கும் மண்டபம் முகாமுக்கும் வந்தார்கள். அகதிகள் வந்து இறங்கிய கரையில், அவர்களை விரட்டிய நாட்டின் அரசுத் தொலைக்காட்சிதான் வீட்டில் ஓடிய ஒரே டிவி. அண்ணாச்சியிடம் கேட்டேன், அப்போதெல்லாம் கோபம் வரவில்லையா என்று. "எங்கப்பா நியூஸ் வந்தா சத்தத்தக் கொறச்சிருவாரு. மேட்ச் வந்தா கூட்டிருவாரு" என்றார். அப்போது அவர் பள்ளிக்கூடப் பையன். அதற்கு மேல் அவரிடம் எதிர்பார்க்க முடியாது.

(இடையில் ஒரு துணுக்கு. விஞ்ஞானக் கதை எழுதிய ஆர்தர் சி. கிளார்க் கொழும்பில் வாழ்ந்தவர். 1975இல் இந்தியா செயற்கைக்கோள் வழியாகக் கிராமங்களுக்கு டிவி காட்டிய சைட் திட்டத்தின்போது, இஸ்ரோ பொறியாளர்கள் அவர் வீட்டுக்கே போய் ஒரு பெரிய டிஷ் ஆன்டெனா வைத்துக்கொடுத்தார்கள். இந்திய டிவி கொழும்பில் முறைப்படி தெரிந்தது அப்படி. கொழும்பு டிவி தூத்துக்குடியில் தெரிய யாரும் எதையும் வைத்துக்கொடுக்கவில்லை.)

பிறகு 1980களின் பிற்பாதியில் கொடைக்கானல் மலைமேல் தூர்தர்ஷன் ஒலிபரப்பி வந்தது. 2,000 மீட்டருக்கு மேல் உயரம், ஆகவே தென் மாவட்டங்களில் பெரும்பகுதி நேர்ப்பார்வைக்குள் வந்துவிட்டது. காற்றைப் பார்க்க வேண்டிய அவசியம் போனது. ராமேஸ்வரத்தில் 323 மீட்டர் உயரத்தில் ஒரு கான்கிரீட் கோபுரம் எழுந்தது. தீவுக்கு மட்டும் வேண்டுமென்றால் அவ்வளவு உயரம் எதற்கு என்று யோசித்தால், கடலுக்கு அந்தப் பக்கத்தையும் சேர்த்துத்தான் கட்டினார்கள் என்பது புரியும். வட இலங்கையில் கொக்காவிலில் ரூபவாகினிக்கு ஒரு கோபுரம் இருந்தது. அதைக் காத்த ராணுவ முகாமை 1990இல் புலிகள் வீழ்த்தினார்கள், கோபுரமும் போனது. போர் முடிந்தபின் 2011இல் அதே இடத்தில் 174 மீட்டர் உயரத்தில் புதிய கோபுரம் திறந்தார்கள். டிவி கோபுரத்துக்காக மனிதர்கள் செத்த இடம் அது.

கேபிளும் டிஷ்ஷும் வந்தபின் யாரும் ஆன்டெனாவைத் திருப்புவதில்லை. தூர்தர்ஷனே தன் பழைய அனலாக் ஒலிபரப்பிகளில் பெரும்பாலானவற்றை 2022க்குள் மூடிவிட்டது. ஆனால் எஃப்எம் வானொலியும் வி.எச்.எஃப்.தான். தூத்துக்குடி, ராமேஸ்வரம், வேதாரண்யம் பக்கம் இலங்கையின் தமிழ் எஃப்எம் நிலையங்கள் கேட்கும், சில நாட்களில் உள்ளூர் நிலையம் மாதிரி. பயிற்சி முடிந்து கிளம்பும் நாளில் இந்தக் கணக்கையெல்லாம் ஒரு தாளில் எழுதி அண்ணாச்சியிடம் காட்டினேன். 207, 221, 350 எல்லாவற்றையும் பொறுமையாகப் பார்த்தார். "அதான் நா அன்னிக்கே சொன்னேனே தம்பி, காத்துன்னு" என்றார். அந்த ஆன்டெனாக் குழாய் இன்னும் அவர் வீட்டு மாடியில்தான் இருக்கிறதாம். கொடிக்கயிறு கட்டித் துணி காயப்போடுகிறார்கள்.